மாற்றுச் சுற்றுலாவும் வலிகாமம் மேற்கும்

மனிதன் தன் ஊரைவிட்டுப் பிறவூர் காணப் புறப்படுவதற்குக் காரணங்கள் பல. பொருள் தேடல், கல்வி தேடல், தெய்வ தரிசனம் என்பன பண்டுதொட்டு வந்தவை. எவ்விதத் தேவையுமின்றி, காண்டலும் களித்தலுமே பயனாகப் பெருந்திரளான மக்கள் புறப்படுதல் பிற்கால வழக்கமாகும். 1841ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் நாள் இங்கிலாந்திலே தோமஸ் குக் என்பார் லெஸ்ரர் நகரிலிருந்து லவ்பரோ நகருக்குத் தனிப் புகையிரதம் ஒழுங்குசெய்து மக்களை அழைத்துச் சென்றமையை இவ்வழக்கத்தின் தோற்றுவாயாகப் பலர் கொள்வர். 1950ஆம் ஆண்டில் உலகெங்கணும் நாடுவிட்டு நாடு சென்ற உல்லாசப் பயணிகள் ஏறத்தாழ இரண்டரைக் கோடியினர். 2019ஆம் ஆண்டில் அத்தொகை 146 கோடியைத் தொட்டது. எழுபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அறுபது மடங்காகப் பெருகிய தொழில்கள் உலகிற் சிலவே.

இப்பெருக்கத்தின் தீமைகளும் விரைவிலே வெளிப்பட்டன. கடற்கரைகளிலே விடுதிகள் நெருங்கின. மீனவரின் தோணித்துறைகள் மறைந்தன. ஊர்க்கூத்து விடுதி முற்றத்து வேடிக்கையாயிற்று. வந்த பணத்திற் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிச் சென்றது. இவற்றைக் கண்டு வெறுப்புற்ற பயணிகளும் அறிஞரும் வேறொரு நெறியை நாடினர். அதுவே மாற்றுச் சுற்றுலா எனப்படுவது. சிறு தொகையினராய்ச் செல்லுதல், ஊரார் வீட்டிலே தங்குதல், ஊருணவை உண்ணுதல், இயற்கைக்கு ஊறு செய்யாமை, செலவிடும் பணம் அவ்வூரிலேயே தங்குமாறு செய்தல் என்பன அதன் இலக்கணங்களாம். மலையேறல், காடு கடத்தல், துடுப்புப்படகு செலுத்தல், காற்றாடியின் துணையாற் கடல்மேற் சறுக்கிச் செல்லுதல் முதலியன சாகசச் சுற்றுலாவின் பாற்படும். முன்னையது பயணியின் ஒழுக்கம் பற்றியது. பின்னையது அவன் தேடும் அனுபவம் பற்றியது. இரண்டும் ஒருங்கே அமைதலும் உண்டு, முரண்படுதலும் உண்டு.

இந்நெறிகளின் வளர்ச்சிக்கு இமயமலை நாடுகள் சிறந்த சான்று. 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் தென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் முடியை அடைந்தனர். 1964ஆம் ஆண்டில், படைச்சேவையினின்று ஓய்வு பெற்ற ஜிம்மி ரொபேட்ஸ் என்பார், மலைவீரரல்லாத பொதுமக்களையும் நேபாள மலைவழிகளில் நடத்திச் செல்லும் நிலையமொன்றை நிறுவினார். வீரர்க்கே உரியதாயிருந்த அனுபவம் அன்றுமுதல் விலைகொடுத்துப் பெறும் பொருளாயிற்று. பின்னர்ச் சூழலியற் சுற்றுலா என்னும் கொள்கை எண்பதுகளில் வலுப்பெற்றது. ஐக்கிய நாடுகள் தாபனம் 2002ஆம் ஆண்டை அதற்குரிய சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது.

தமிழ் மரபில் வழிச்செலவு

சொற்கள் புதியனவாயினும் பொருள் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தன. பரிசில் பெற்று வருவோன் பெறாதோனை எதிர்ப்பட்டு, இன்ன வழியாற் செல்க, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என வழிப்படுத்துவதே அவற்றின் அமைப்பு. அவற்றுள் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் வரிசையாக எடுத்துரைக்கின்றது. பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், வழுக்கும் பாறைகள் ஆகியவற்றைச் சுட்டி, காத்துக்கொள்ளும் வகையையும் அது கூறும். இக்காலத்து மலைவழிகாட்டி நூல் செய்யும் வேலையும் இதுவே.

யாழ்ப்பாணத்தார் மரபிலும் கடினமான நெடும்பயணம் ஒன்றுண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியினின்று கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை அது. வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தைமலை என்னும் இடங்களைக் கடந்து, குமுக்கன், யால வனங்களினூடே செல்லும் அவ்வழியை நடந்து முடிக்க இரண்டு திங்களளவு செல்லும். போர்க்காலத்தில் வடபகுதி வழி அடைபட்டுக் கிடந்தது. போர் ஓய்ந்தபின் மீண்டும் திறந்தது. யாத்திரிகர் மிகுந்த பொருள் சுமப்பதில்லை. மடத்திலும் மரநிழலிலும் உறங்குவர். ஊரார் இடும் அன்னத்தை உண்பர். அவர்கள் சென்ற வழியில் அடிச்சுவடன்றிப் பிறிதொன்றும் எஞ்சுவதில்லை.

வழிப்போக்கர்க்கென ஊரார் செய்துவைத்த அறங்களையும் ஈண்டு நினைத்தல் தகும். குடாநாட்டுத் தெருக்களில் இன்றும் ஆங்காங்கே காணப்படும் சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், கேணி, மடம் ஆகியன ஒருங்கே அமைந்த தொகுதி அவ்வறத்தின் எச்சம். பருத்தித்துறைத் தெருமூடிமடம் வீதியின் மேலேயே கூரையிட்டு வழிச்செல்வோர்க்கு நிழல் தருகின்றது. மனிதர்க்குத் திண்ணை, சுமைக்குக் கல், மாட்டுக்கு நீர் என அளவறிந்து வகுத்த விருந்தோம்பல் அது.

கடற்சாகசமும் இம்மண்ணுக்கு அந்நியமன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, சிறுபடகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். வல்வை மாலுமிகள் பணியாற்ற அது 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். 1984ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். சாகசம் என்பது விலைக்கு வாங்கும் பொழுதுபோக்கன்று, உயிரைப் பணயமாக வைப்பது என்பதை அவர் முடிவு காட்டும்.

வடக்கு திறந்த வரலாறு

இலங்கையில் உல்லாசப் பயணத்துறை முறையாகத் தோன்றியது 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டபோதாகும். அதன் கண் தெற்கு, மேற்குக் கடற்கரைகளிலும் மலைநாட்டிலும் பழைய இராசதானிகளிலும் படிந்தது. 1983ஆம் ஆண்டின்பின் போர் மூண்டமையால் வடக்கு அத்துறையின் வரைபடத்தினின்றே நீங்கியது. 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வாராதொழிந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபின், கண்டி வீதி வழியே தென்னிலங்கை மக்கள் பெருந்திரளாக வந்தனர். நயினாதீவு விகாரையையும் மாதகற் சம்புத்துறையையும் வணங்க வந்தோரும், போர்நிகழ்ந்த இடங்களைக் காண வந்தோருமாக அத்திரள் அமைந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று; கொள்ளை நோயால் நின்ற சென்னை விமானசேவை 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டது. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சின்னாளில் நின்று, அடுத்த ஆண்டு ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. நாடு முழுவதற்கும் 2009ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ நாலரை இலட்சம். 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேல். பின்வந்த இடர்களால் வீழ்ந்த அத்தொகை 2024ஆம் ஆண்டில் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இவ்வெள்ளத்தின் ஒரு சிறு வாய்க்கால் வடக்கு நோக்கித் திரும்பியிருக்கின்றது. அதனொடு, ஆண்டுதோறும் திருவிழாக் காலங்களிற் பிறந்த ஊர் காண வரும் புலம்பெயர்ந்த மக்களும் சேர்கின்றனர்.

வட்டுக்கோட்டையைச் சூழ்ந்த நிலம்

யாழ்நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையை, 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரியின் இருப்பிடமாக உலகம் முன்னரே அறியும். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றோரே. கல்வியின் பொருட்டு வந்தோரை வரவேற்ற இவ்வூர், காண்டற்கென வருவோர்க்குக் காட்டத்தக்கது யாது? விண்ணை முட்டும் மலையில்லை, வீழருவியில்லை. உள்ளவை மென்மையான காட்சிகள். மெல்ல நடப்போர்க்கே அவை புலப்படும்.

முதலாவது வழுக்கையாறு. ஆறில்லாக் குடாநாட்டில் மாரிக்கு மட்டும் ஓடும் ஆறு அது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைத் திரட்டிக் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வயல்களையும் குளங்களையும் நிறைத்து வந்து, வட்டுக்கோட்டைப் புலங்களைக் கடந்து அராலியிலே கடனீரேரியை அடைகின்றது. அதன் கரைவழியே மேல்நோக்கி நடப்போர், 1917ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் அகழ்ந்து ஆராய்ந்த கந்தரோடைப் பழம்பதியை அடைவர். ஒரு பகல் நடையில் இத்துணைச் சரித்திரம் கிடைக்கும் வழிகள் பல இல்லை.

இரண்டாவது அராலிக் கடனீரேரி. மத்திய ஆசியப் பறவைகளின் வலசைப் பாதையின் தென்னெல்லையிலே இக்குடாநாடு அமைந்துள்ளமையால், கார்த்திகை முதல் பங்குனி வரை ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் பிறவும் ஆழங்குறைந்த இந்நீரில் இரைதேடும். மூன்றாவது துவிச்சக்கரவண்டிக்கு உகந்த சுற்றுவழி. சுழிபுரத்துத் திருவடிநிலைக் கடற்கரை, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில், நீரின் நடுவே நீளும் பொன்னாலைப் பாலம், காரைநகர்க் கசூரினாக் கடற்கரை ஆகியவற்றைக் கண்டு, 'பாதை' எனப்படும் மிதவையிலேறி ஊர்காவற்றுறையை அடைந்து, வேலணை, பண்ணை வழியாக யாழ்நகர் திரும்பலாம். வழியெங்கும் மேடென்று சொல்லத்தக்கதில்லை, எதிர்க்காற்றே ஏற்றமாகும்.

அப்பாற் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடற்பயணத்தில் நெடுந்தீவு. முருகைக்கல் வேலிகளும், பெருக்குமரமும், அந்நியர் ஆட்சிக்காலக் குதிரைகளின் வழிவந்து கட்டின்றித் திரியும் குதிரைகளும் அங்குண்டு. தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதே ஆண்டில் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமும் அந்நிலைக்கு உயர்த்தப்பட்டது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் வேரூன்றிய காற்றாடிச் சறுக்கலுக்கு ஏற்ற ஆழங்குறைந்த நீரும் நிலைத்த காற்றும் இப்பகுதிக் கடனீரேரிகளிலும் உள்ளன.

நீரே அளவுகோல்

இவையெல்லாம் இருத்தலால் மட்டும் சுற்றுலா நன்மையாகாது. எத்தனை பேரை, எந்தப் பருவத்தில், எவ்வாறு ஏற்கலாம் என்பதே கேள்வி. அதற்கு விடை கூறவல்லது கிணறு.

குடாநாட்டின் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மாரிமழை அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிக் கீழுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவாக மிதக்கின்றது. உவர்நீரினும் நன்னீர் எடை குறைந்ததாதலின் இது நிகழ்கின்றது. இந்நிலைக்குப் பௌதிக விதி ஒன்றுண்டு. நன்னீர் மட்டம் கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மாறாக, மேல்மட்டம் ஓரடி தாழுமாயின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேறத் தலைப்படும். பாறையின் வெடிப்புகளுக்கேற்ப இக்கணக்குச் சிறிது மாறினும் அதன் பொருள் மாறாது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் உடல்வலியே இறைப்புக்கு எல்லையிட்டது. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது. கிணற்றுக்கு அண்மையில் அமைந்த மலக்குழிகளும் தோட்டத்திலிடும் உரமும் நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வழக்காகி, 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்துத் தீர்ப்பளித்தது. ஒரு வில்லையிலே எல்லோரும் குடிக்கின்றனர். ஒருவர் செய்த பிழை பலர் கிணற்றிற் புகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இனிப் பருவத்தை நோக்குக. ஐரோப்பியர் பெரும்பாலும் மார்கழி முதல் பங்குனி வரை வருவர். அப்போது கிணறுகள் நிறைந்திருக்கும், பறவைகளும் இருக்கும். புலம்பெயர்ந்தோர் வருவது ஆடி ஆவணியில். நல்லூர்த் திருவிழாவும் அக்காலத்தது. காற்றாடிச் சறுக்கலுக்கு உகந்த சோளகக் காற்றும் வைகாசி முதல் புரட்டாதி வரை வீசுவது. அக்காலமே கிணறுகள் அடிகாணும் காலம். எந்தக் காற்று சாகசக்காரனை அழைத்து வருகின்றதோ அந்தக் காற்றே நிலத்தை உலர்த்துகின்றது. நெடுந்தீவின் குதிரைகள் நீரின்றி மடிவதும் அப்பருவத்தில்தான். ஆதலின் நீச்சற்குளமும் புல்தரையும் கொண்ட விடுதியொன்று ஆவணி மாதத்தில் இறைக்கும் நீர், அயலிலுள்ள வெங்காயத் தோட்டத்தினின்றும் வீட்டுக் குடத்தினின்றும் எடுத்ததேயாகும். 2024ஆம் ஆண்டிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை குடிநீர்த் தட்டுப்பாட்டை ஓரளவு தணிக்கலாம். எனினும் தோட்டக்கிணற்றின் உவர்ப்பை அது மாற்றாது.

பயன் யாருக்கு

நீருக்கு அடுத்தது பயனின் பங்கீடு. காரைநகரை அடுத்த கடற்கோட்டை கடற்படையின் பொறுப்பிலே விடுதியாக நடைபெறுகின்றது. நகரத்துப் பெருவிடுதிகள் வெளியூர் முதலீட்டால் எழுந்தவை. இவற்றால் வேலைவாய்ப்புச் சிறிது உண்டாயினும், பொன்னாலை மீனவனுக்கும் அராலி உழவனுக்கும் கிட்டுவது அற்பமே. இக்குறையை வேறோரிடத்தார் தீர்த்த வகையை அறிதல் பயன்தரும். கேரளத்திலே குமரகம் என்னும் காயற்கரை ஊரில், விடுதிகள் பெருகியும் ஊரார்க்குப் பயன் கிட்டாமையால் மனக்கசப்பு மூண்டது. 2008ஆம் ஆண்டளவில் அங்குத் தொடங்கப்பட்ட பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தின்படி, விடுதிகள் தமக்கு வேண்டிய காய்கறி, மீன், பால் முதலியவற்றை ஊர்ப்பெண்களின் குழுக்களிடமும் ஊர் உழவரிடமும் வாங்க இசைந்தன. பின்னர் மாநிலம் முழுதும் அம்முறை பரப்பப்பட்டது. பூட்டான் நாடு 1974ஆம் ஆண்டில் அந்நியர்க்குக் கதவு திறந்த நாள்முதல் தொகையைச் சுருக்கி வருவாயைப் பெருக்கும் கொள்கையைக் கைக்கொண்டு, பயணியொருவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவென வரி அறவிடுகின்றது. முன்னது பங்கீட்டுக்கும் பின்னது அளவுக்கும் உதாரணமாம்.

வலிகாமம் மேற்கில் ஆளின்றிப் பூட்டிக்கிடக்கும் நாற்சார் வீடுகள் பல. உரியோர் வெளிநாட்டிலுள்ளனர். அவற்றைப் பழுதுபார்த்து ஊர்க்குடும்பங்களின் மேற்பார்வையிற் பயணிகள் தங்குமிடமாக்கின், புதுக்கட்டடம் வேண்டாது, புதுக்கிணறும் வேண்டாது. ஒடியற்கூழும் பனங்கட்டியும் அவ்வடுக்களையிலேயே பரிமாறப்படும்.

கடனீரேரியிற் படகோட்ட முனைவோர் முதலிற் கேட்டறியவேண்டியவர் மீனவர். களங்கண்ணி நாட்டிய இடத்திலே துடுப்புப்படகு புகுமாயின் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவு கெடும். கடலட்டைப் பண்ணைகள் பெருகியமையால் அந்நீர்ப்பரப்புப் பற்றி ஏற்கெனவே பிணக்குகள் உள்ளன. மூன்றாம் தரப்பொன்று வழக்கறியாது நுழைதல் தீயின்மேல் நெய்யாகும். மாரிக்காலப் புயலும், கரையோரச் சேறும், கண்ணிவெடி அகற்றி முடியாத வடமாகாண நிலங்களும் வழிகாட்டியின்றிச் செல்வோர்க்கு இடராவன. ஆகவே அவ்வவ்வூர் இளைஞரைப் பயிற்றி வழிகாட்டிகளாக்குதல் பாதுகாப்புமாகும், பிழைப்புமாகும்.

வேறொரு நுண்மையும் உண்டு. பயணிக்குக் காட்சியாய்த் தோன்றுவது ஊரார்க்கு நினைவாய் இருக்கலாம். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பிலேதான் 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவ்வழியே செல்வோர் அதனை அறிந்து செல்லுதல் வேண்டும். அறிந்தோர் குரல் தாழும். மாற்றுச் சுற்றுலாவின் முதற்பாடம் இம்மரியாதையே.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், செய்யத்தக்கன சிலவாகவும் எளியனவாகவும் தோன்றும். கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து, அவ்வளவுக்கேற்ப விடுதிகளுக்கு அனுமதி வழங்குதல். கோடையில் வருவோர் தொகைக்கு வரம்பிடுதல். விடுதிகள் ஊர்விளைவை வாங்குமாறு உடன்படிக்கை செய்தல். பயணிகளிடம் அறவிடும் சிறு கட்டணத்தை வழுக்கையாற்றுக் குளங்களைத் தூர்வாரச் செலவிடுதல் என்பன பிரதேச சபைகளின் கடமை. குளம் ஆழமாயின் மாரிநீர் நிலத்துள் இறங்கும்; நிலத்துள் இறங்கிய நீர் வில்லையைத் தடிப்பாக்கும். பயணி தான் பருகிய நீரை அவ்வாறு திருப்பிக் கொடுத்தவனாவான்.

கல்லூரிகளுக்கும் பங்குண்டு. ஆற்றங்கரைக் குளங்களின் பெயரையும் நிலையையும் பதிவு செய்தல், அராலியில் இறங்கும் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுதல், சுமைதாங்கிகளும் கேணிகளும் இருக்குமிடத்தைப் படத்திற் குறித்தல் ஆகியவை மாணவராலேயே இயல்வன. இவ்வறிவைப் பெற்ற மாணவன் நாளை நல்ல வழிகாட்டியாவான். வழிகாட்டியாகாவிடினும், தன் நிலத்தை அறிந்த குடிமகனாவான். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் ஆவணியில் ஊர் வரும்போது முதலில் எட்டிப் பார்க்கவேண்டியது தம் வீட்டுக் கிணற்றையே.

சுமைதாங்கியை அமைத்த முன்னோர், வருவோன் யாரெனக் கேட்கவில்லை. அவன் தோளுயரத்தை மட்டும் கணக்கிட்டனர். வரும் விருந்தை மறுப்பது இம்மண்ணின் வழக்கன்று. ஆயினும் விருந்துக்கு அளவு வகுப்பது கிணறே என்பதை மறவாத வரையில், மாற்றுச் சுற்றுலா வலிகாமம் மேற்குக்கு வாழ்வாகும். மறப்பின் அது மற்றுமோர் இறைப்பு இயந்திரமாகவே முடியும்.